பால்காரிக்கு வைத்த பொட்டு

காலையிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அடுப்படிக்குப் போனாள். எதற்கு வந்தோம் என்று மறந்தாள். மறுபடி கூடத்துக்கே வந்து நின்றாள்.

சுவரிலிருந்து படங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

மாமனார் ரங்கூனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த இங்கிலீஷ் படங்கள். சேறு படாத வயல். வியர்க்காத அறுவடை. மாடுகூடக் குளித்துவிட்டு வந்த மாதிரி நிற்கும்.

வீட்டைப் பூட்டிவிட்டு மதராசில் மகனோடு போய் இருப்பதென்று முடிவாகிவிட்டது. அங்கே இதையெல்லாம் மாட்டச் சுவர் ஏது? பழஞ்சாமான் வியாபாரி வண்டியோடு வந்துவிட்டார்.

படத்தில் கதிர்க்கட்டுச் சுமப்பவள் வண்டிக்குப் போனாள். கோழிக்குத் தீனி போடுபவள் போனாள்.

பால்காரியின் முறை வந்தது.

பால்வாளியும் வெள்ளைத் தொப்பியுமாகச் சிரிக்கிற பெண். படத்தின் கண்ணாடிமேல், அவள் நெற்றி இருக்கும் இடத்தில், இந்த வீட்டுக் குங்குமம்.

இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டு வந்த அன்று மாமியார் அந்தப் படத்துக்கு முன்னால்தான் இவளை விழுந்து கும்பிடச் சொன்னாள். கணவர் செட்டியாரின் மூத்த மனைவிக்குப் போட்டோ கிடையாது. எடுத்தால் ஆயுசு குறையும் என்று எடுக்காமலே விட்டார்கள். எடுக்காமலே அவள் முதல் பிரசவத்தில் பிள்ளையோடு போய்விட்டாள். கும்பிட ஒரு முகம் வேண்டுமே. வீட்டில் இருந்ததில் லட்சணமான முகத்துக்குப் பொட்டு வைத்துவிட்டார்கள்.

அப்படியும் பயம் தெளிந்ததா? இவளையும் எவரும் போட்டோ எடுக்கவில்லை. மகன் கேட்டபோதும் செட்டியார் விடவில்லை.

வருஷாவருஷம் செத்தவளுக்குப் படைப்பு. புதுச்சேலையை அந்த வெள்ளைக்காரி முன்னால் வைத்துக் கும்பிட்டு, பிறகு இவள் உடுத்திக்கொள்வாள். ஆரம்பத்தில் என்ன பொறாமை! பிறகு என்ன புலம்பல்! மகனுக்குக் காய்ச்சல் கண்டபோது, நீதான் அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அழுததும் அவளிடம்தான்.

வியாபாரி கட்டைவிரலை நாக்கில் தொட்டார். பொட்டை அழிக்கக் கையைக் கொண்டுபோனார்.

"எச்சி வைக்காதீங்க."

அவர் திகைத்துப்போய், சாய்வு நாற்காலியில் இருந்த செட்டியாரைப் பார்த்தார். யாரோ வெள்ளைக்காரிதானே, துடைத்து எடுத்துப் போங்கள் என்றார் செட்டியார்.

யாரோ.

அவளுக்குச் சுருக்கென்றது. இவரோடு குடித்தனம் நடத்தியவள். இவர் பிள்ளையைச் சுமந்து செத்தவள்.

படத்தைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு எனக்கு எந்தப் படத்துக்குப் பொட்டு வைப்பீங்க?"



செட்டியார் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு அவர் பார்வை வாசலில் நின்ற வண்டிக்குப் போனது. ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனது. அங்கேயே நின்றது.

"அந்தக் கோழிக்காரியையும் இறக்கி வச்சிருங்க" என்றார் வியாபாரியிடம்.