தலைமாட்டுக் கதவு

"என்ன மேஸ்திரி இது? கல்யாண மண்டபத்துல மாப்பிள்ளை உக்கார்ற சோபா மாதிரி பளபளன்னு!"

வனிதா செருப்புக் காலால் தட்டிக் காட்டியது, மனுவேல் பதினைந்து நாள் உட்கார்ந்து இழைத்த கட்டில் தலைமாட்டுப் பலகையை. நல்ல பலா மரம். ஆறடி நீளம், இரண்டரை அடி உயரம். நடுவில் இரண்டு அன்னங்கள், சுற்றிலும் திராட்சைக் கொடி.

வனிதா எஸ்டேட் முதலாளியின் மருமகள். தேயிலை விலை விழுந்ததில் பந்தலூர்ப் பக்கம் ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தன. இவர்களுடையது வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடியது. பங்களாவைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைக்கலாம் என்று பெங்களூரிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். வந்த நாளிலிருந்து இங்கே யாரைப் பார்த்தாலும் இளக்காரம்தான்.

"நான் கேட்டது மாடர்ன் ஃபார்ம்ஹவுஸ் ஸ்டைல். சுவர் வெள்ளை, மெத்தை வெள்ளை. மரம் மட்டும் பழசா, வெடிச்சு, வெளுத்துப் போயிருக்கணும். உங்களுக்கு எங்க புரியப்போகுது?"

"பழைய மரம்னா பூச்சி அரிச்சு ஓட்டை விழுந்திருக்குமேங்க மேடம்..."

"அந்த ஓட்டைதான் மேஸ்திரி அழகே!"

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று அவள் நினைத்துக்கொண்டாள். மனுவேலும் அதையேதான் நினைத்துக்கொண்டார்.

அப்போது கருப்பம்மாவும் சுகந்தியும் ஒரு கதவைத் தலையில் சுமந்துகொண்டு பட்டறைக்குள் வந்தார்கள். இருவரும் எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீடுகளில், ஐந்தாம் லயத்தில் குடியிருந்து கொழுந்து பறிப்பவர்கள்.

"அண்ணே, மறுபடியும் கீல் விட்டுப்போச்சு. ரெண்டு ஆணி அடிச்சுக் குடுத்துருங்க," என்றாள் கருப்பம்மா. "மூணு வருசமா ஆபீஸ்ல புதுக் கதவு கேக்குறோம். தேயிலையே விக்கல, கதவுக்கு எங்க போறதுன்னு வெரட்டுறாங்க. வயசுக்கு வந்த புள்ளைகளை வச்சுக்கிட்டு, உள்தாப்பா இல்லாம நாங்க படுற பாடு எங்களுக்குத்தான் தெரியும்."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வனிதா அதைப் பார்க்கவில்லை. கதவைத்தான் பார்த்தாள்.

நீலச் சாயம் திட்டுத் திட்டாக உரிந்திருந்தது. அடிப்பக்கம் தண்ணீர் பட்டுப் பட்டு இற்றுப்போயிருந்தது. உட்பக்கம் முழுக்க ஆணியால் கீறிய பெயர்கள். ரமேஷ், இசக்கி, நடுவில் ஒரு ஹார்ட்டின், அதைத் துளைக்கும் அம்பு.

"இதுதான்! இதைத்தான் நான் தேடிக்கிட்டு இருந்தேன்! இந்த எழுத்தையெல்லாம் பாருங்க. எவ்வளவு நேரம் உக்காந்து கீறியிருக்காங்க!"

சுகந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தொரசாணி, இந்தக் கதவு எங்க..." என்று கருப்பம்மா ஆரம்பித்தாள்.

"தெரியும். எங்க பரம்பரைக் கதவு, தரமாட்டோம்னு ஆரம்பிப்பீங்க. லைன் ஆளுங்க பேரம் எனக்குத் தெரியாதா?"

"பேரம் இல்லீங்க. இது எங்க இருந்துச்சுன்னா..."

"எங்க இருந்தா என்ன? இனிமே என் கட்டில் தலைமாட்டுல இருக்கும். நீங்க இந்தக் குப்பையைத் தூக்கிட்டுப் போங்க." அன்னப் பலகையை மறுபடியும் காலால் தட்டினாள். "நிமித்தி வச்சா இதுவும் கதவுதானே?"

மனுவேல் நாடாவை எடுத்து இரண்டையும் அளந்தார். விரற்கடை வித்தியாசம் இல்லை.

கருப்பம்மா மூன்றாம் முறை வாயைத் திறந்தாள். மனுவேல் கண்ணைக் காட்டினார். அவள் அன்னங்களைப் பார்த்தாள், சுகந்தியைப் பார்த்தாள், சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"அப்ப ஒரு பித்தளைத் தாப்பா மட்டும் போட்டுத் தரச் சொல்லுங்கம்மா. உள்பக்கமா."

"பித்தளை கேக்குதா உங்களுக்கு! சரி, போட்டுக் குடுங்க மேஸ்திரி, தொலையட்டும்."

ஆனாலும் மனுவேலுக்கு மனசு கேட்கவில்லை. "மேடம், இந்தக் கதவை நல்லா ரெண்டு தரம் கழுவிட்டு..."

"தொடாதீங்க! ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது." வனிதா குனிந்து, கண்ணை மூடி, கதவை ஆழமாக முகர்ந்தாள். "மழை, மண், மனுஷ வாசனை! கழுவினா எல்லாம் போயிடும். உங்களுக்கு இதெல்லாம் சொன்னாப் புரியாது."

புரியாதவர்கள் மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சுகந்தியின் தோள் மட்டும் குலுங்கியது.

அடுத்த வாரம் பங்களாவின் படுக்கையறை தயாரானது. வெள்ளைச் சுவர், வெள்ளை மெத்தை, சாக்குத் துணியில் திரை, தலைமாட்டில் படுக்கை வாட்டில் அந்த நீலக் கதவு. வனிதா மெத்தையில் சாய்ந்து, கதவில் கன்னத்தை வைத்துப் படம் எடுத்துப் போட்டாள். ஒரு மணி நேரத்தில் முந்நூறு லைக். பெங்களூர்த் தோழி உடனே போனில் கூப்பிட்டாள்.

"எங்கடி புடிச்ச? சூப்பரா இருக்கு!"

"இங்க லைன்லதான். தினம் தொட்டுத் திறந்தும் அதோட அருமை தெரியல பாரு, அந்த ஜனங்களுக்கு. ரசனைன்னா என்னன்னே தெரியாது."

அதே நேரத்தில் ஐந்தாம் லயத்துக்குப் பின்னால், கையில் வாளியோடு வரிசையில் நின்ற பெண்கள் இரண்டு அன்னங்களும் செங்குத்தாக நீந்துவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டுக் குடும்பத்துக்கும் சேர்த்து இருக்கிற அந்த ஒரே கக்கூஸுக்குள் போன சுகந்தி, மூன்று வருடத்தில் முதல் தடவையாகத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்தாள்.