மஞ்சள் கொடி கட்டிய வீடு

நிலநடுக்கம் நின்று பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஃபுமியே பக்கத்து வீட்டு கிசாகியின் கதவைப் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தாள்.

"தலைவரே, கதவை உடைங்க!"

தெருச் சங்கத் தலைவர் ஹிராத்தா வாசலைக் காட்டினார். "மஞ்சள் கொடி தொங்குதே, தெரியலையா? 'நான் நல்லா இருக்கேன், அடுத்த வீட்டைப் பாருங்க'ன்னு அர்த்தம். கொடி இல்லாத வீடு இன்னும் நாலு இருக்கு. வாங்க!"

"அவர் உள்ளே மாட்டிக்கிட்டிருந்தா?"

"மாட்டிக்கிட்டவர் எப்படிம்மா வந்து கொடி கட்டுவார்? தப்பான கிழமையில குப்பையை வெளியே வைக்கிறார்னு அவரோட மல்லுக்கு நின்னவங்க நீங்க. இன்னிக்கு என்ன திடீர்ப் பாசம்?"

ஃபுமியே பூந்தொட்டியைத் தூக்கி ஜன்னல் கண்ணாடியில் எறிந்தாள்.

உள்ளே, சாய்ந்து கிடந்த அலமாரிக்கு அடியில் கிசாகி முனகிக்கொண்டிருந்தார். நாலு பேர் ஓடிவந்து அலமாரியைத் தூக்கினார்கள். கால் முறிந்திருந்தது, ஆனால் உயிர் தப்பிவிட்டார்.

ஹிராத்தா அசந்துபோனார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க, ஃபுமியே?"

ஃபுமியே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நேத்து நிலநடுக்க ஒத்திகையில, ஒரு வீடு விடாம கொடி கட்டியாச்சுன்னு நம்ம தெருவை எல்லாரும் பாராட்டினாங்களே... இவர் கதவையே திறக்கலை. நம்ம தெருவுக்குப் பேர் கெடக் கூடாதேன்னு இந்தக் கொடியைக் கட்டினதே நான்தான். அவிழ்க்க மறந்துட்டேன், தலைவரே!"