குழாயில் வந்த இருமல்

தெருவுக்கு அடியில் பாறையை உடைத்து எரிவாயு எடுத்தார்கள். அந்த வேலையில் மண் சரிந்து உள்ளே புதைந்துபோன, துளையிடும் ரிக் இயந்திர ஆபரேட்டரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. இப்போது அவர் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரிலும் வாயு கலந்துவிட்டது. அந்த ஆழ்குழாயை மூட வந்த பெண் சமையலறைக் குழாயைத் திறந்தாள். முதலில் காற்று சீறியது. பிறகு தண்ணீர் கொட்டியது. அதனூடே குழாய்க்குள் யாரோ இருமினார்கள்.

"யாருக்கா அது?"

"எங்க வீட்டுக்காரரும்மா," என்றாள் ஆபரேட்டரின் மனைவி. "இருந்தப்பவும் இப்படித்தான். வாயத் திறந்து ஒரு வார்த்த வராது."

வந்தவள் ஓரடி பின்வாங்கினாள். "மூடித்தான் ஆகணும்க்கா. வீடே பத்திக்கும்."

"மூடும்மா. ஒரு நிமிஷம்." மனைவி குழாயருகே குனிந்தாள். "ஏங்க, நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க தூங்குங்க."

"ம்," என்றது குழாய்.

தண்ணீர் நின்றது. வந்தவள் இன்னும் ஆழ்குழாயின் வால்வைத் தொடவே இல்லை.