ஐந்து மணி நேர விதி

விமானம் தாமதம் என்று அறிவித்ததும் அத்தனை பேரும் உச்சுக் கொட்டினார்கள். நர்ஸம்மா மட்டும் மனசுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

என்ஜினில் ஏதோ கோளாறாம். ஆகட்டும், சாவகாசமாகப் பார்க்கட்டும்.

பக்கத்து நாற்காலிக்காரர் பயணிகள் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். இரண்டு மணி நேரம் தாண்டினால் சாப்பாடு, ஐந்து மணி நேரம் தாண்டினால் பயணத்தையே ரத்து செய்துவிட்டு வீட்டுக்குத் திரும்பலாம், வண்டியும் அவர்களே வைக்க வேண்டும் என்று விரல்விட்டு அடுக்கினார். அவருக்குச் சாப்பாட்டில் கண். வீட்டுக்குத் திரும்பலாம் என்றாரே, அது இவள் வயிற்றில் பாலை வார்த்தது.

மாடியில் ஒற்றை அறை, ஜன்னலோரம் கட்டில். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளாக அங்கே தனியாள். கீழ் வீட்டுக்காரியிடம் கொடுக்க வேண்டிய சாவியை ‘மறந்து போய்’ கையோடு எடுத்து வந்திருந்தாள்.

பதினான்கு மணி நேரம் பறந்து, கண்காணாத ஊரில் மருமகளின் சமையலறையில், சர்க்கரை எந்த டப்பாவில் என்று கேட்டுக் கேட்டே மிச்ச காலத்தை ஓட்ட வேண்டும்.

ஆனால் மகன் இரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் கூப்பிட்டானே. தனியா எதுக்கும்மா கஷ்டப்படுற, இங்க வந்துடு என்று. பெற்ற பிள்ளை கெஞ்சும்போது மாட்டேன் என்று சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? மழுப்பி மழுப்பிப் பார்த்துவிட்டு, போன மாதம் சரி என்றாள்.

தாமதம் நான்கு மணி நேரம் ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் விமானத்தின் அடியில் இரண்டு பேர் ஏணியை நகர்த்தினார்கள். அடப் பாவிகளா, அவசரப்படாதீர்கள்!

ஐந்து மணி நேரம் ஆனதும் எழுந்தாள். முழங்கால் வலிகூடத் தெரியவில்லை.

கவுண்டர்ப் பெண் ரத்துப் படிவத்தை நீட்டினாள். நர்ஸம்மா பேனாவை எடுத்தாள், கீழே வைத்தாள். பிள்ளை மனசு உடைந்துபோகுமே. வீட்டுக்குப் பேச வேண்டுமா, அதுவும் பயணிகள் உரிமைதான், காசில்லை என்று அந்தப் பெண்ணே மகனின் எண்ணைக் கேட்டு அழுத்திக் கொடுத்தாள்.

‘வாம்மா’ என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏறிவிடுவது. அப்படித்தான் முடிவு செய்துகொண்டாள்.

ரொம்பத் தாமதமாம்ப்பா, வேண்டுமானால் திரும்பிப் போகலாம் என்கிறார்கள் என்று மென்று விழுங்கிச் சொன்னாள்.

அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டது.

முப்பது வருஷம் ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டுப் பழகிய மூச்சு. பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னதும் சொந்தக்காரர்கள் விடுவார்களே, அது.

“பரவால்லம்மா, நீ உடம்ப அலட்டிக்காத. அப்புறம் பொறுமையா பாத்துக்கலாம்” என்றான் மகன். குரலில் அவ்வளவு பாசம்.

பெற்றவளைக் கூப்பிடாமல் இருக்க அவனுக்குத்தான் எப்படி வாய் வரும்? ஒவ்வொரு ஞாயிறும் அவள் மழுப்பியபோது அவனும் பிழைத்தோம் என்றுதான் போனை வைத்திருக்கிறான். ஐயோ, முதல் ஞாயிறே மாட்டேன் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம்.

சரிப்பா என்று வைத்தாள். படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். கேட்டது கிடைத்துவிட்டது.

இன்னொரு போனும் இலவசம்தான், வேறு யாருக்காவது சொல்லணுமா என்று கேட்டாள் கவுண்டர்ப் பெண்.

“வேணாம்மா” என்றாள் நர்ஸம்மா. “எல்லாருக்கும் சொல்லியாச்சு.”