நான்கும் ஐம்பத்தெட்டும்

வயிறு முட்டக் காற்றைத் தின்னும், வட்டமாக ஓடும், ஒரு முள் குத்தினால் சுருண்டு படுத்துவிடும். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்? சைக்கிள் டியூப்தான்.

அப்படி ஒரு டியூபுக்கு அமுதினி புதுப் பம்பால் காற்றடித்துக்கொண்டிருந்தாள். டயரின் மேல் 35 என்று எழுதியிருந்தது. பம்பின் முள்ளோ நான்கில் நின்றது.

“இன்னும் முப்பத்தொன்று ஏற வேண்டும்” என்று அவள் மறுபடியும் பம்பைப் பிடித்தாள்.

“தாயே, நிறுத்து. என் தோல் கிழியப் போகிறது” என்றது டியூப்.

அமுதினி திடுக்கிட்டுப் போனாள். பெட்டியிலிருந்த பழைய காற்று மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தாள். அது ஐம்பத்தெட்டு காட்டியது. டியூபுக்கு மூச்சே நின்றுவிட்டது.

“உங்களில் யாரடா பொய் சொல்வது?” என்று கேட்டது.

“யாரும் இல்லை. காற்றழுத்தத்தை நான் ‘பார்’ என்ற அளவில் சொல்வேன், மீட்டர் அண்ணன் பி.எஸ்.ஐ. என்ற அளவில் சொல்வார். டயரில் இருப்பதும் அவர் கணக்குதான். என்னுடைய ஒன்று அவருக்குப் பதினாலரை” என்றது பம்பு.

“இவ்வளவும் தெரிந்துதான் சும்மா இருந்தாயா?”

“அவர் வகுத்துச் சொல்லட்டுமே. நான் எதற்குப் பெருக்க வேண்டும்?”

“நேற்று வந்த பம்புக்காக நான் வகுப்பதா?” என்றது மீட்டர்.

டியூப் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது. “நான் வெடித்தாலுமா?”

“அது அவர் பாடு” என்றன இரண்டும்.

“உங்களை நம்பி நான் ஏறமாட்டேன்” என்று அமுதினி வால்வைத் திறந்து காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, பள்ளிக்கு நடந்து போனாள்.