நாய்களுக்கு எழுதின வீடு

"பாருங்களேன், வக்கீல் ஆபீசுக்குக்கூட அந்தம்மா உடம்பெல்லாம் நாய் முடியோட வந்து உட்கார்ந்திருக்கு. வீட்டைப் பிடுங்கிட்டுப் போக என்ன அவசரம்!"

மருமகள் புருஷனின் காதைக் கடித்தாள்.

"மெதுவாப் பேசு. கேட்டுடப் போகுது."

"கேட்கட்டுமே! வாராவாரம் வந்து கதவைச் சாத்திக்கிட்டு மாமாவை மயக்கினாங்களே, அவங்களுக்கு இல்லாத வெட்கம் எனக்கு எதுக்கு?"

எதிர் நாற்காலியில் இருந்த நாய்க்காரம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை. யார் எந்த நாயைத் தெருவில் விட்டாலும் தூக்கிக்கொண்டு போய் வளர்க்கிற காப்பகம் அவருடையது.

மருமகள் பயந்ததிலும் நியாயம் இருந்தது. போன மாசம் காலமான மாமனார், அந்தப் பெரியவர், முன்பொரு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவருடைய கிழட்டு நாயை மகன் கொண்டுபோய் எங்கேயோ விட்டுவிட்டு வந்துவிட்டான். பெண்டாட்டிக்கு நாய் முடி பட்டால் தும்மல் நிற்காது, அதுதான் காரணம். வீடு திரும்பிய பெரியவர் தேடித் தேடி, கடைசியில் அதைக் கண்டுபிடித்தது இந்தம்மாவின் காப்பகத்தில். அப்போது அதற்கு மூச்சு மட்டும்தான் மிச்சம்.

அன்றைக்கே குதித்தார். "இந்த வீட்டை நாய்ங்களுக்கே எழுதி வெச்சிடறேன், பாரு!"

சொன்னால் செய்கிற மனுஷன். அதிலிருந்து மருமகளுக்கு வீட்டைப் பற்றிய கவலைதான். முன்னறையில் அவளுடைய தையல் மெஷின், மாடியில் பிள்ளைகள். புருஷன் பஸ் ஓட்டிக் கொண்டுவரும் சம்பளத்தில் வாடகைக்குப் போவதெல்லாம் நடக்கிற காரியமா?

நாய்க்காரம்மா வந்தால் அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை. சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து பெரியவர் கத்துவது மட்டும் கேட்கும். "என் வீடு! நான் யாருக்கு வேணாலும் குடுப்பேன்!"

வக்கீல் தொண்டையைச் செருமினார்.

"உயில்ல ரெண்டே விஷயம்தான். வீடு, மகனுக்கும் மருமகளுக்கும்."

"எங்களுக்கா?"

"உங்களுக்கேதான். அவரோட வேன் மட்டும் நாய்க் காப்பகத்துக்கு."

போன உயிர் திரும்பி வந்தது. மகன் கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதே விட்டான். "அப்பா என்னை மன்னிச்சிட்டார்டி!"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற அந்த ஓட்டை வேன்தானே, தாராளமாகப் போகட்டும்! வந்த சந்தோஷத்தில் வாயும் சும்மா இருக்கவில்லை.

"பாவம், இத்தனை நடை நடந்ததுக்கு வெறும் வேன்தான் கெடச்சுதா?"

"வேன் போதும்மா," என்றார் நாய்க்காரம்மா. "அடிபட்டதுங்களைத் தூக்கிட்டு வர ஒரு டாக்சிக்காரரும் ஏத்த மாட்டேங்கறாங்க. இனிமே அந்தக் கவலை இல்ல."

வக்கீலுக்குப் பொறுக்கவில்லை.

"கொஞ்சம் இருங்கம்மா. இது அவர் எழுதின ரெண்டாவது உயில். முதல் உயில்ல வீடு, வேன் எல்லாமே காப்பகத்துக்குத்தான். ஆனா வீடுன்னா, அதுல யார் குடியிருக்காங்கன்னு நேர்ல வந்து பார்க்காம இவங்க ஒத்துக்க மாட்டாங்க. அது காப்பகத்து வழக்கம். அப்படி வந்து பார்த்ததுலேருந்து, 'எங்களுக்கு வேண்டாம், மாத்தி எழுதுங்க'ன்னு வாராவாரம் அவரோட மல்லுக்கட்டினது இவங்கதான்."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். மகன்தான் தட்டுத் தடுமாறிக் கேட்டான்.

"ஏம்மா, அவ்வளவு பெரிய வீடு... உங்களுக்கு எவ்வளவு உபயோகமா இருந்திருக்கும்?"

நாய்க்காரம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வீட்டை விட்டுத் துரத்தினதுங்களுக்கு இடம் குடுக்கறதுதானே தம்பி எங்க வேலை? உங்களைத் துரத்திட்டு அந்த இடத்தை நாங்க எப்படி வாங்கிக்கிறது?"