வாளிக்குள் துப்பாக்கி

பாலக்கரையில் எங்கள் பக்கத்து வீட்டு ஸ்தனிஸ்லாஸ், பொன்மலைப் பட்டறையில் ரயில் இன்ஜினையே பிரித்துப் பூட்டுகிறவர். அப்பேர்ப்பட்டவருக்கு, சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் கொடுத்துவிட்டுப் போன குப்பி மாட்டிச் சுடுகிற கேஸ் துப்பாக்கியின் ஒழுகலை மூன்று மாதமாக அடைக்க முடியவில்லை என்றால் சந்தேகம் வராதா?

ஞாயிறு பூசை முடிந்ததும் முருங்கைக்கீரை கேட்கிற சாக்கில் உள்ளே நுழைந்தேன். துப்பாக்கி தண்ணீர் வாளிக்குள் கிடந்தது. அதிலிருந்து ஒவ்வொரு குமிழாக மேலே வந்துகொண்டிருந்தது. கேஸ் குப்பியோ கழற்றப்பட்டு ஜன்னலில் இருந்தது.

"குப்பியே இல்லாம எங்கேருந்துண்ணே காத்து வருது?"

"தெரியலைம்மா. நீ கீரையப் பறிச்சுக்கிட்டுக் கிளம்பு."

உள்ளறையில் அவர் மனைவி வியாகுலம்மாள் இழுப்போடு படுத்திருந்தார். ஒரு வாரம்கூடத் தாங்காது என்று டாக்டர் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. அவர் மூச்சை இழுத்து விடும்போதெல்லாம் வாளியில் ஒரு குமிழ் வந்தது.

நான் அதை அப்போது கவனித்தேனா என்ன?

"இன்ஜின் பூட்டின கையாண்ணே இது?" என்று சிரித்துக்கொண்டே திருப்புளியை எடுத்து, வாளிக்குள் கைவிட்டுத் துப்பாக்கியின் திருகாணியை நானே இறுக்கினேன்.

குமிழ் நின்றது. உள்ளறையில் இழுப்புச் சத்தமும் நின்றது.

ஸ்தனிஸ்லாஸ் என்னைத் தள்ளிவிட்டுத் திருகாணியைத் தளர்த்தினார். பெரிய குமிழ் ஒன்று வந்து உடைந்தது.

"யாருங்க அது, லூர்துராணியா?" உள்ளேயிருந்து வியாகுலம்மாளின் குரல் கேட்டது. "கீரைக்கா வந்தா? வேவு பாக்கல்ல வந்திருப்பா!"

இப்போதெல்லாம் அந்த அம்மாளின் உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் யாரையும் விசாரிப்பதில்லை. போகிற போக்கில் வாளியை மட்டும் எட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.